கேசரிப் பவுடர் போன வழி

அத்தைக்கு ஆடி மூன்றாவது வாரம் நீர்க்கடுப்பு ஆரம்பித்தது. கூழ் ஊற்றுகிற வாரம், கடையில் நிற்க இடமில்லாத கூட்டம், அதனால் முதல் நாலு நாள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அத்தையே எடுத்துக்கொள்ளவில்லை. இளநீர், வெந்தயம், பார்லித் தண்ணீர். அப்புறம் மெடிக்கலில் சொல்லி வாங்கிய சிப்ரோ என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை மூன்று நாள். கேட்கவில்லை. அதே மெடிக்கலில் செஃபிக்ஸிம் ஐந்து நாள், அதுவும் கேட்கவில்லை. மெடிக்கல் மாத்திரை ஆரம்பித்த ஒன்பதாவது நாள் ராத்திரி நடுக்கத்தோடு காய்ச்சல், வலது விலாவுக்குப் பின்னால் தொடவிடாத வலி. அத்தைக்கு 52 வயது, சர்க்கரை உண்டு, மாத்திரை ஒழுங்காகப் போடுவார், சோறும் ஒழுங்காகச் சாப்பிடுவார்.

மாமாவுக்கு கடலூர் திருப்பாப்புலியூரில் கோழிக்கடை. நான் புதுச்சேரியில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில், கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் பிரிவில் வேலை பார்க்கிறேன். அத்தையின் சிறுநீர் சாம்பிளை நானே கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன், ஐஸ் போட்ட டிபன் பாக்ஸில். ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடை வரும் வரைக்கும் பக்கத்து சீட்காரர் அது மீன் குழம்பா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இதை எழுதுவதற்கு அத்தையிடம் கேட்டுவிட்டேன். "பேரப் போடாத, போட்டோ போடாத, கட பேரும் வேணாம், மத்தபடி எழுதிக்கோ" என்றார்.

ரிப்போர்ட்

மறுநாள் காலையில் கிருமி வளர்க்கிற தட்டைத் திறந்தால் ரோஸ் நிறத்தில் நெருக்க நெருக்கமாகக் கிருமிக் கூட்டங்கள். ஈ.கோலி என்ற குடல் கிருமி, ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல். இதில் ஒன்றும் அதிசயம் இல்லை, நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அதிசயம் அடுத்த நாள் வந்தது. கிருமியைத் தட்டு முழுக்கப் பூசிவிட்டு, மருந்து ஊறிய குட்டிக் காகித வில்லைகளை மேலே வைப்போம். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றி வட்டமாக வெறும் இடம் தெரியும், கேட்காவிட்டால் வில்லையின் விளிம்பு வரைக்கும் கிருமி ஏறி உட்கார்ந்திருக்கும். ஆம்பிசிலின், சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல், செஃபோடாக்சிம், செஃப்ட்ரியாக்சோன் எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. வட்டம் விட்டது மூன்று இடத்தில்தான்: அமிகாசின், மெரோபெனம், நைட்ரோஃபியூரான்டாயின். செஃபோடாக்சிமோடு கிளாவுலனிக் அமிலம் சேர்த்த வில்லையை வைத்துப் பார்த்தால் வட்டம் 5 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதானது. அதுதான் ஈஎஸ்பிஎல் என்பதற்கு அடையாளம், அதாவது இந்தக் கிருமி ஒரு நொதியைச் சுரந்து மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் மருந்துகளையே வெட்டிப் போடுகிறது. அத்தை போட்ட செஃபிக்ஸிமும் அந்தக் குடும்பம்தான். ஐந்து நாள் போட்டது வீண்.

நைட்ரோஃபியூரான்டாயின் கேட்கிறதே, மலிவான மாத்திரையாயிற்றே, அதைக் கொடுக்கலாமே என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மருந்து சிறுநீரில் சேருமே தவிர சிறுநீரகத்தின் சதைக்குள் போதுமான அளவு போகாது. அத்தைக்கு விலாவில் வலி, நடுக்கம், கிருமி மேலே ஏறிவிட்டது. டாக்டர் எர்டாபெனம் எழுதினார், தினம் ஒரு ஊசி, பத்து நாள். கார்பபெனம் வகை, மெரோபெனமும் அதே வகைதான். இந்த வகையையும் வெட்டிப்போடுகிற என்டிஎம்-1 என்ற நொதி பற்றி 2010-ல் உலகமே பேசிய கட்டுரை வந்ததே, அதை முதல் பெயராக எழுதியவர் சென்னையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த குமாரசாமி கார்த்திகேயன். அதனால் மெரோபெனம் வில்லையைச் சுற்றி வட்டத்தைப் பார்த்தபோது நான் மூச்சு விட்டேன் என்று சொன்னால் மிகை இல்லை. ஊசிக்காக அத்தையின் ஒரு ஜோடி வளையல் அடகுக்கடைக்குப் போனது. மூன்றாவது ஊசியில் காய்ச்சல் விட்டது.

டாக்டர் முதலில் கேட்டது, "போன ஆறு மாசத்துல எந்த ஆஸ்பத்திரியிலயாவது அட்மிட் ஆனாங்களா?" இல்லை. கடைசிப் பிரசவத்துக்கு அப்புறம் அத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்ததே இல்லை. அந்தப் பிள்ளைக்கு வயது 27, பொறியியல் முடித்துவிட்டு ஓசூரில் இருக்கிறது. அடுத்து, "என்ன வேல பாக்கறாங்க?" கோழிக்கடையில் கறி அலசிப் போடுகிற வேலை. டாக்டர் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நான் இரண்டு மாதம் அலைந்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அத்தையின் கிருமி கோழியிலிருந்துதான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. சிறுநீர்த் தொற்று பெரும்பாலும் நம் குடலில் இருக்கிற ஈ.கோலியால் வருகிறது. குடலுக்குள் அது எப்போது வந்தது? போன வாரமாக இருக்கலாம், போன தையாக இருக்கலாம். ஈஎஸ்பிஎல் கிருமி ஒரு தொந்தரவும் கொடுக்காமல் மாதக்கணக்கில் குடலில் குடியிருக்கும், ஒரு நாள் இடம் மாறினால்தான் தெரியும். அதற்குள் வந்த வழி அழிந்து போயிருக்கும். நான் பார்க்க நினைத்தது வேறு: வருவதற்கு வழி இருக்கிறதா, எத்தனை இருக்கிறது.

வண்டி

கடைக்குக் கோழி வருவது ராத்திரி மூன்று மணிக்கு. பல்லடம் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து சேலம் வழியாக வருகிற வண்டி, பிளாஸ்டிக் கூண்டு மேல் கூண்டு. மேல் கூண்டுக் கோழியின் எச்சம் கீழ்க் கூண்டுக் கோழியின் முதுகில் விழுந்தபடியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். இறக்கும்போது கூண்டும் ஈரம், கோழியும் ஈரம், இறக்குகிற பையனின் சட்டையும் ஈரம். பண்ணை எல்லாம் ஒப்பந்த முறை: குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும், கொட்டகையும் உழைப்பும் பண்ணைக்காரருடையது, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. 35 முதல் 42 நாளில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். வண்டிக்காரரிடம், இந்தக் கோழிக்கு என்ன மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். "நான் வண்டி ஓட்டறேன்ண்ணே" என்றார். சரிதான். கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது, வண்டிக்காரருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

கோழிக்கு மருந்து கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சளி பிடித்த கோழிக்கு மருந்து வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கிற கொட்டகையில் நாலு கோழி கொர் கொர் என்றால் தண்ணீர்த் தொட்டியில் கலந்து எல்லாவற்றுக்குமே போகிறது. அதுபோக, வியாதியே இல்லாமல் தீவனத்தில் சிறு அளவு கலந்தால் எடை ஏறும் என்று 1950 வாக்கில் அமெரிக்காவில் கண்டுபிடித்த பிறகு உலகம் முழுக்க அந்தப் பழக்கம் பரவியது. அதனால் என்ன ஆகும் என்பதும் புதிதாகத் தெரிந்ததில்லை. 1976-ல் ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு பண்ணையில் கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனத்தைப் போட்டுப் பார்த்ததை வெளியிட்டார். ஒரு வாரத்துக்குள் கோழிக் குடலின் ஈ.கோலி கிட்டத்தட்ட முழுவதும் அந்த மருந்துக்கு அடங்காததாக மாறியது. சில மாதத்தில் அந்தப் பண்ணையில் குடியிருந்தவர்களின் குடலிலும் அதே மாற்றம், அவர்கள் ஒரு மாத்திரைகூடப் போடாமல். இன்னொன்றும் நடந்தது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது: கொடுத்தது ஒரு மருந்து, ஆனால் கிருமிகள் கொடுக்காத மருந்துகளுக்கும் அடங்காமல் போயின.

இது எப்படி என்றால், கிருமிக்குள் பிளாஸ்மிட் என்று ஒரு சின்ன டிஎன்ஏ வளையம் இருக்கிறது. அதைச் சாவிக்கொத்து மாதிரி நினைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு மருந்தையும் சமாளிக்கிற ஜீன் ஒரு சாவி. பக்கத்தில் இருக்கிற கிருமிக்குக் கொடுக்கும்போது ஒரு சாவியைக் கழற்றிக் கொடுப்பதில்லை, கொத்தாகவே நகலெடுத்துக் கொடுத்துவிடும். வேறு இனக் கிருமிக்கும் கொடுக்கும். மலிவான டெட்ராசைக்ளினைத் தீவனத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் அந்தக் கொத்தில் மாட்டியிருக்கிற விலை உயர்ந்த மருந்தின் சாவியும் பத்திரமாக இருக்கும்.

அத்தை முதலில் போட்ட சிப்ரோவுக்கும் இதில் ஒரு கிளைக்கதை உண்டு. கோழிக்குக் கொடுக்கிற என்ரோஃப்ளாக்சசின், கோழி உடம்பில் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறுகிறது. அண்ணன் தம்பி மருந்துகள். வயிற்றுப்போக்கு உண்டாக்குகிற கேம்பிலோபேக்டர் கிருமி சிப்ரோவுக்கு அடங்காமல் போகிறது என்பதால் அமெரிக்கா 2005-ல் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசினைத் தடை செய்தது. கொலிஸ்டின் கதை இன்னும் மோசம். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மனிதர்களுக்கு ஓரம்கட்டப்பட்ட பழைய மருந்து, வேறு எதுவும் கேட்காத நிலையில் ஐசியூவில் கடைசி மருந்தாகத் திரும்பி வந்தது. அதற்குள் பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தில் டன் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. 2015 நவம்பரில் சீனாவில் பன்றிகளிடமும், கடை இறைச்சியிலும், நோயாளிகளிடமும் எம்சிஆர்-1 என்ற ஜீன் கிடைத்தது, கொலிஸ்டினைத் தோற்கடிக்கிற ஜீன், அதுவும் பிளாஸ்மிட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. இந்தியா 2019 ஜூலையில் கால்நடைக்கும் கோழிக்கும் மீன் பண்ணைக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது. அத்தையின் ரிப்போர்ட்டில் கொலிஸ்டின் வரிசை காலி. காகித வில்லையில் அதைச் சோதிக்க முடியாது, பெரிய மூலக்கூறு, தட்டில் சரியாகப் பரவாது. திரவத்தில் வைத்து வேறு முறையில் பார்க்கவேண்டும், எங்கள் மாதிரி சின்ன லேபில் அது இல்லை.

நம் நாட்டுக் கோழியில் என்ன இருக்கிறது? பஞ்சாபில் 18 கோழிப் பண்ணைகளில் எடுத்து 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. கறிக்கோழிப் பண்ணைகளில் ஈஎஸ்பிஎல் கிருமி 87 சதவீதம், முட்டைக்கோழிப் பண்ணைகளில் 42. பஞ்சாப் கோழி வேறு, பல்லடம் கோழி வேறு என்று மாமா சொன்னார். இருக்கட்டும்.

கடை

ஆட்டுக்கறி என்றால் ஊரில் ஆட்டுத்தொட்டி இருக்கிறது, அங்கே அறுக்கவேண்டும், கால்நடை மருத்துவர் உயிரோடு ஒருமுறை, அறுத்தபின் ஒருமுறை பார்த்துத் தொடையில் முத்திரை குத்தவேண்டும் என்பது ஏற்பாடு. அது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது வேறு பேச்சு. கோழிக்கு நடைமுறையில் அந்த ஏற்பாடும் கிடையாது, ஒவ்வொரு கடையும் ஒரு குட்டித் தொட்டி. சரி, மருத்துவரே வந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிவது கட்டி, சீழ், ஈரலில் புழு. மருந்துக்கு அடங்காத ஈ.கோலி சுமக்கிற கோழி பார்க்க நல்ல தளதளவென்றுதான் இருக்கும்.

கடையில் சாம்பிள் எடுத்துக் கல்ச்சர் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "மாப்ள, ரிப்போர்ட்னு ஒரு பேப்பர் வந்துட்டா அது ஊரெல்லாம் போயிடும். பொழப்பு போயிடும்." அவர் பயமும் பொய்யில்லை, பக்கத்துக் கடையும் இதே கோழி, இதே கத்தி, ஆனால் பேப்பர் இவர் கடையில் மட்டும். அப்போதுதான் கேசரிப் பவுடர் யோசனை வந்தது. கிருமி கண்ணுக்குத் தெரியாது, கேசரிப் பவுடர் தெரியும்.

புரட்டாசி வந்தது. பாதி ஊர் கறி தொடாது, கடையில் ஈ ஓட்டுகிற மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆள் வராத நேரத்தில், வீட்டுக்கென்று ஒரு பிராய்லரை எடுத்தோம். கேசரிப் பவுடரைத் தண்ணீரில் குழைத்துக் கோழியின் பின்பக்கம், எச்சம் ஒட்டியிருக்கிற இடத்தில் மட்டும், ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குத் தடவினேன். மாமாவிடம் சொன்னது ஒன்றே ஒன்று: எப்பவும் எப்படிச் செய்வீர்களோ அப்படியே செய்யுங்கள், நான் வாயே திறக்கமாட்டேன்.

அறுத்து டிரம்மில் போட்டார், துடிக்கும்போது டிரம் உள்பக்கம் முழுக்கத் தீற்றல். எடுத்து வெந்நீர் அண்டாவில் முக்கினார். இந்தத் தண்ணீர் கை பொறுக்காத சூடு, ஆனால் கொதி கிடையாது, கொதித்தால் தோல் வெந்து கிழிந்துவிடும். இறகுக்கால் தளர்வதற்குப் போதும், எல்லாக் கிருமியும் சாகப் போதாது. இரண்டு முக்கில் அண்டாத் தண்ணீர் ஆரஞ்சு. வழக்கம்போல அதே தண்ணீரில் இன்னொரு கோழியையும் முக்கினார், அதில் நான் ஒன்றும் தடவவில்லை, வெளியே எடுத்தபோது அதுவும் கல்யாண வீட்டுக் கேசரி. ஞாயிற்றுக்கிழமை ஒரு அண்டாவில் எத்தனை கோழி முக்குவார்கள் என்று கேட்டேன். மாமா பதில் சொல்லவில்லை, அத்தை சொன்னார், "தண்ணி கொழகொழன்னு ஆகற வரைக்கும்."

இறகு எடுக்கிற மிஷின்தான் கேவலம். உள்ளே ரப்பர் விரல்கள் சுற்றிச் சுற்றி அடிக்கும், கோழியை அமுக்குகிற அமுக்கில் குடலில் இருப்பதும் பின்வழியாக வரும். ரப்பர் விரல்களின் இடுக்கெல்லாம் ஆரஞ்சு, எதிர்ச் சுவரில் புள்ளி புள்ளியாக, காலண்டர் அம்மன் மேலேயும் இரண்டு புள்ளி. அத்தை பதறிப்போய் முந்தானையால் துடைத்தார், முந்தானையும் ஆரஞ்சு. அடுத்து புளியமரக் கட்டை. பதினோரு வருடத்துக் கட்டை, நடுவில் குழி விழுந்து, கத்தி வெட்டின பிளவுகள் ரேகை மாதிரி ஓடும். சாயம் அந்தப் பிளவுகளில் இறங்கி நின்றது. மேலே சுரண்டிக் கழுவினால் மேற்பரப்பு வெளுத்தது, கோடுகள் வெளுக்கவில்லை.

குடலை இழுக்கும்போது நுனி கிழிந்தது. அடிக்கடி கிழியும், கத்தி வேகம் அப்படி. கத்தி, கத்திப் பிடி, மாமாவின் இடது கட்டைவிரல் நகம். அங்கேயிருந்து தராசுத் தட்டு, தராசில் நம்பர் அமுக்குகிற பொத்தான், பணப்பெட்டி, ஒரு பத்து ரூபாய் நோட்டு, அந்த நேரம் பார்த்து மணி அடித்த மாமாவின் செல்போன், போனை வைத்த காது. ஈரல் போட்டு வைக்கிற கிண்ணம். கவர் கட்டு, ஒவ்வொரு கவரையும் பிரிக்க மாமா விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார், அதுவரைக்கும் நான் அதைக் கவனித்ததே இல்லை.

அத்தை கறித்துண்டுகளை அன்னக்கூடையில் போட்டு அலசினார். ஒரே தண்ணீரில் மூன்று கோழிக் கறியை அலசுவது வழக்கம், தண்ணீர் வருகிற நேரத்தைப் பொறுத்து. எல்லாத் துண்டும் ஒரே சீராக இளம் ஆரஞ்சு ஆனது. அலசுவதால் அழுக்கு போகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், ஒரு துண்டில் இருந்தது பதினெட்டுத் துண்டுக்கும் பங்கு போட்டதுதான் நடந்தது. அலசி முடித்து, கையை உதறிவிட்டு, புடவையில் ஒரு துடை, நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்த டீ கிளாஸை எடுத்து ஒரு மடக்கு. கிளாஸின் விளிம்பில் கட்டைவிரல் அச்சு, ஆரஞ்சில்.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அத்தைதான் சிரித்தார். "பதினோரு வருசமா இதத்தான் குடிச்சிட்டு இருக்கனா?"

எச்சம் என்று ஒரு விதி

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், இறைச்சியில் எந்த மருந்தின் எச்சம், அதாவது உடம்பில் மிஞ்சிய மருந்து, எவ்வளவு இருக்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. 2024-ல் அதைத் திருத்திக் கடுமையாக்கி 2025 ஏப்ரல் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். நல்லது, வேண்டியதுதான். டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-ல் தலைநகர்ப் பகுதியில் வாங்கிய 70 கோழிச் சாம்பிள்களில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது என்று சொன்னது.

ஆனால் மருந்து எச்சம் வேறு, மருந்துக்கு அடங்காத கிருமி வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் செய்திகள் வருகின்றன, நானே லேபில் சேருவதற்கு முன் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தேன். மருந்தை நிறுத்தி இத்தனை நாள் கழித்துத்தான் அறுக்கவேண்டும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு உண்டு. அந்த நாளை ஒழுங்காக விட்டால் மருந்து கோழியின் உடம்பை விட்டுப் போய்விடும், எச்சச் சோதனையில் சுத்தம் என்று வரும். அந்த மருந்தில் சாகாமல் மிஞ்சிய கிருமிகள் போகாது, குடலில், தோலில், கூண்டில் இருக்கும். அதாவது விதியை ஒரு எழுத்து பிசகாமல் கடைப்பிடித்த பண்ணையின் கோழியும் அத்தைக்கு வந்த மாதிரி ஒரு கிருமியைக் கொண்டுவர முடியும். சமையலறையில் கதை தலைகீழ்: எச்சம் பல மருந்துகளில் கொதித்தாலும் முழுதாக அழிவதில்லை, கிருமி 75 டிகிரி தாண்டினாலே காலி, அடங்காத கிருமியானாலும் அதே கதிதான், நெருப்புக்கு எதிராக அதனிடம் சாவி கிடையாது. குழம்பில் வெந்த துண்டைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. பயப்படவேண்டியது அந்தத் துண்டைச் சிங்க்கில் குழாயடியில் அலசும்போது தெறிக்கிற தண்ணீரை, கறி வெட்டின கத்தியிலேயே பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள நறுக்குகிற வெங்காயத்தை. வெங்காயப் பச்சடியை யாரும் கொதிக்க வைப்பதில்லை.

மஞ்சள் தூள் போட்டு அலசினால் போதும் என்று என் அம்மா இன்னமும் வாதாடுகிறார். மஞ்சள் வாடையைக் குறைக்கும், அவ்வளவுதான். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பதும் இல்லை, தூங்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இது கோழிக்கடைக்காரர்கள் மேல் பழி போடுகிற எழுத்தாகிவிடும். பிரிட்டனில் 2019-ல் வந்த பெரிய ஆய்வில், நோயாளிகளின் ரத்தத்தில் கிடைத்த ஈஎஸ்பிஎல் ஈ.கோலியும் கோழி இறைச்சியில் கிடைத்ததும் பெரும்பாலும் வேறு வேறு வகை என்று தெரிந்தது. மனிதர்களிடம் அதிகமாக இருந்த எஸ்டி131 என்ற வகை இறைச்சியில் அரிது. நெதர்லாந்துக்காரர்கள் அதே ஆண்டில் போட்ட கணக்கில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது சுமார் 60 சதவீதம், உணவு வழியாக வருவது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் அத்தையின் கிருமி பஸ்ஸில், கல்யாண வீட்டில், பேரன் ஜட்டி துவைத்ததில் வந்திருக்கவும் நன்றாகவே வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த ஊர்களில் கோழி குளிரூட்டிய உறைக்குள் வருகிறது, யாரும் தெருவோரத்தில் மிஷின் வைத்து இறகு எடுப்பதில்லை, கழிவுத் தண்ணீர் பெரும்பாலும் சுத்திகரித்த பிறகுதான் ஆற்றுக்குப் போகிறது. இங்கே அண்டாத் தண்ணீரைக் கடை வாசல் சாக்கடையில் ஊற்றுகிறோம், அந்தச் சாக்கடைக்கு ஆறு தூரமில்லை. குடல், இறகு மூட்டையை ராத்திரி ஒருவர் வந்து எடுத்துப் போகிறார், எங்கே என்று கேட்கக்கூடாது. தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் குட்டையில் வளர்க்கிறவர்களுக்குக் கோழிக் கழிவுதான் தீவனம் என்பது ஊரறிந்த ரகசியம். அவர்கள் நாட்டுச் சதவீதத்தை இங்கே தூக்கிக்கொண்டு வந்து ஆறுதல் பட்டுக்கொள்ள எனக்கு மனமில்லை.

மாற்றியது, மாறாதது

கையுறை போடச் சொன்னேன், மாமா ஒரே நாளில் கழற்றி எறிந்தார். வழுக்குகிறது, விரல் போய்விடும் என்றார், உண்மைதான், போன வருடம் அடுத்த தெருவில் ஒருவருக்கு விரல் போயிற்று. கையுறை போட்டுக்கொண்டு பணத்தைத் தொட்டால் அதுவும் ஒன்றுதான். கடைசியில் நடந்தது இவ்வளவு: அறுக்கிறவர் பணத்தைத் தொடுவதில்லை, பணத்துக்கு அத்தை. அலசுகிற வேலையே நின்றது, துண்டு போட்டதும் நேராகக் கவர். டீ கடைக்கு வெளியே, கையில் சோப்புப் போட்ட பிறகு. கவர் பிரிக்க ஒரு ஈர ஸ்பாஞ்ச். வெந்நீரை மாற்றுவதில்தான் தகராறு, ஒவ்வொரு அண்டா சூடாக்கவும் கேஸ் எரியவேண்டும், அந்தக் காசைக் கிலோ விலையில் ஏற்றினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். பத்துக் கோழிக்கு ஒரு தண்ணீர் என்று பேசி முடித்தோம். நான் ஐந்து கேட்டிருந்தேன்.

அலசாமல் கொடுப்பதற்குத்தான் வாடிக்கையாளர் சண்டை. "என்னா கட இது, ரத்தத்தோட குடுக்கறீங்க?" என்று ஒரு அம்மா கவரைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். மாமா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரியிலிருந்தே கூட்டம். நான் மத்தியானம் போனபோது அண்டாவில் தண்ணீர் கறுப்பாக இருந்தது, மாமா ஒரு கையில் கத்தியும் ஒரு கையில் ஐநூறு ரூபாய் நோட்டுமாக நின்றார், அன்னக்கூடை திரும்ப வந்திருந்தது. டீ மட்டும் வெளியே. அத்தை அதை மட்டும் விடவில்லை.

ஐப்பசி கடைசியில் அத்தைக்கு இன்னொரு கல்ச்சர் போட்டேன், சிறுநீரில் ஒன்றும் வளரவில்லை. குடலில் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க மலம் கேட்டேன், "போடா" என்றார். பழைய ரிப்போர்ட்டை லேமினேஷன் போட்டு சர்க்கரை மாத்திரைப் பையில் வைத்திருக்கிறார், அடுத்த தடவை காய்ச்சல் வந்தால் மெடிக்கலுக்குப் போகாமல் அதை டாக்டரிடம் காட்டவேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எந்த மருந்து கேட்காது என்று தெரிந்தால் ஒன்பது நாள் மிச்சம்.

கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் அதிகம், கடை மறுபடி மந்தம். அந்த வாரம் மாமா ஆசாரியைக் கூப்பிட்டுப் புளியமரக் கட்டையை இழைக்கச் சொன்னார். குழி சமமாகும் வரைக்கும் இரண்டு விரல்கடை இறக்கவேண்டியிருந்தது. பாதி வேலையில் ஆசாரி நிறுத்திவிட்டு, இழைத்த சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னாங்க, கட்டைக்குள்ள கலரு?"